கொக்கிக்கு வைத்த சந்தனம்

மலாயாவில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆப்பீஸில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, சேர்ந்த ஆறாவது நாள், துரை என் மேசைக்கு வந்தார். முந்தின நாள் நான் டைப் அடித்துக் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். ஒரே பக்கக் கடிதம்தான். அதில் பதினோரு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். வேர்க்குரு வந்த முதுகு மாதிரி இருந்தது அந்தக் காகிதம்.

பதினொன்றும் ஒரே குற்றத்துக்காக. இங்கிலீஷில் எழுத்தின் தலைக்கு அருகே, காற்புள்ளியைத் தூக்கி ஆணியில் மாட்டினாற்போல ஒரு குறி போடுவார்களே, அப்பாஸ்ட்ரபி, அதைப் போடக் கூடாத பத்து இடத்தில் போட்டிருந்தேன். போட வேண்டிய ஒரே இடத்தில் விட்டிருந்தேன். எங்கள் ஆப்பீஸில் அதற்குக் கொக்கி என்று பெயர். அப்பாஸ்ட்ரபி என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் வாயிலிருக்கும் வெற்றிலைச் சாறு வெளியே வந்துவிடுகிறது என்று பெரிய கிராணி வைத்த பெயர் அது.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பா பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. பையன் கத்தி பிடிக்காமல் பேனா பிடிக்கட்டும் என்று என்னை மலாக்கா டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே வாத்தியார் கொக்கியைப் பற்றிப் பாடம் நடத்திய வாரம் பார்த்து எனக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் விட்டுத் திரும்பிப் போனபோது வகுப்பு கொக்கியைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. கேட்டால் பிரம்பு. அதனால் எஸ் என்ற எழுத்தை எங்கே கண்டாலும் அதன் பக்கத்தில் ஒரு கொக்கியை மாட்டிவிடுவது என்று நானே ஒரு சட்டம் செய்துகொண்டேன். பரீட்சையில் பாதிக்குப் பாதி சரியாக விழுந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே ஏழாம் வகுப்பைத் தாண்டிவிட்டேன்.

அந்தத் துரையிடம் வேறு பெரிய குறை சொல்ல முடியாது. கத்துவார், கை நீட்ட மாட்டார். தோட்டத்துத் தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். ரப்பர்ப் பால் மரத்தின் பட்டையை யாராவது ஆழமாக வெட்டிவிட்டால்கூட ஒரு கத்தலோடு விட்டுவிடுவார். கொக்கி தப்பினால் மட்டும் திட்டோடு போகாது, மனிதருக்கு முகம் வாடிவிடும். அவருடைய அம்மாவை யாரோ திட்டிவிட்டாற்போல உட்கார்ந்துவிடுவார். கத்தினால் தாங்கிக்கொள்ளலாம், அந்த வாடின முகத்தைத் தாங்க முடியாது.

பெரிய கிராணி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இந்தத் துரை வந்த எட்டு வருடத்தில் அவர் ஒரு கொக்கிகூடப் போட்டதில்லை.

"போடலேன்னா ஒரு திட்டு, தம்பி. போட்டுத் தப்பாப் போச்சுன்னா, தப்புக்கு ஒரு திட்டு, ஏன் போட்டேன்னு ஒரு திட்டு. எது சொகம்னு நீயே பாத்துக்க லா," என்றார்.

அவர் முந்தின துரை காலத்திலேயே வேலை நிரந்தரமானவர். அந்தத் துரை எழுத்தையே பார்க்க மாட்டாராம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினால் போதுமாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் துரை ஒரு வழக்கம் வைத்திருந்தார். நிரந்தரமாகப் போகிற கிராணி, தன்னை நிரந்தரமாக்கும் கடிதத்தைத் தானே, துரை கண் முன்னால், அவர் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வேண்டும். ஒரே தாள். ஒரு கொக்கி தப்பினாலும் கையெழுத்து கிடையாது. இன்னும் ஆறு மாதம் கழித்து வா என்று தாளை மடித்துக் கூடையில் போட்டுவிடுவார்.

இதையெல்லாம் நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துரை வாடினால் வாடிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். அப்படி இருந்தவனைத் திருத்தியது ஒரு கோப்பிக் கடைப் பலகை.

மெர்லிமாவில் பஸ் நிற்கும் இடத்தில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் கோப்பிக் கடை இருந்தது. கடைக்கு இங்கிலீஷில் பலகை எழுத வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டார். தோட்டத்துக் கிராணி என்றால் இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பிஸ்கட்டுகள், கேக்குகள், முட்டைகள், சிகரெட்டுகள் என்று நான் எழுதிக் கொடுத்ததைப் பெயிண்டர் அப்படியே பெரிசாக எழுதிவிட்டார். ஒவ்வொரு எஸ்ஸுக்கும் ஒரு கொக்கி. எனக்கே பார்க்கப் பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் கோப்பி குடிப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் மகளுமாக இரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்பா, யாரு இந்தப் பலகை மேல இத்தனை காக்காவ உக்கார வச்சது?" என்றாள்.

"எங்கம்மா காக்கா?" என்று அவர் வானத்தைப் பார்த்தார்.

"எழுத்துக்குப் பக்கத்துல பாருங்க. ஒண்ணுகூட அது எடத்துல உக்காரல," என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கோப்பி புரையேறிவிட்டது. இருமல் சத்தம் கேட்டு அவள் அப்பா திரும்பினார். திரும்பியவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, நீ பெம்பான் மண்டோர் மகன்தானே என்றார். அவரும் என் அப்பாவும் நாகப்பட்டணத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள். பினாங்கில் இறங்கும் வரை ஒரே கம்பளியில் படுத்தவர்களாம். இப்போது அவர் அலோர் காஜாவில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார், மகளை மலாக்கா டவுனில் மிஷன் பெண்கள் பள்ளியில் படிக்க வைத்திருக்கிறார், எல்லாம் அந்தப் பஸ் வருவதற்குள் தெரிந்துவிட்டது. பலகையை எழுதிக் கொடுத்தவன் யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. என் முழிப்பிலிருந்து அவளுக்கு அதுவும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவை பலகையைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் தோட்டத்துக்கு நடந்து போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டு மாதத்தில் பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஜவுளிக் கடைக்காரர் என் அப்பாவிடம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"பையன் நல்ல பையன்தான். ஆனா வேல நிரந்தரம்னு தொரை கையெழுத்துப் போட்ட கடுதாசி தீவாளிக்குள்ள என் கைக்கு வரணும். வல்லேன்னா என்ன தப்பா நெனைக்காதீங்க. தம்பின் டவுன் ஸ்டேசன்ல ரயில்வே மாப்ள ஒருத்தரு கேட்டுக்கிட்டு இருக்காரு."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆப்பீஸில் கை வைக்கும்போது, நிரந்தரமாகாத சின்னக் கிராணிகளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக, கடிதம் கிடைத்தால் அவள், கிடைக்காவிட்டால் தம்பின் ரயில்வே. நடுவில் நிற்பது கொக்கி.

அன்றிலிருந்து துரை வட்டம் போட்டுத் திருப்பின கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சேர்த்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பிக் கடைக்குப் போகாமல் அவற்றைப் பாயில் பரப்பி, எங்கே வட்டம், எங்கே வட்டமில்லை என்று உட்கார்ந்து பார்த்தேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது, கிராணி சீட்டு விளையாடுகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

மெல்ல மெல்ல விஷயம் பிடிபட்டது. லயத்தில் பால் வாளிகள் மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாளியில் சாயத்தால் ஒரு குறி வைப்பார்கள். கொக்கியும் அந்த மாதிரிதான், இது இன்னாருடையது என்று காட்டும் குறி. என்ன, நாம் குறியை வாளியில் போடுகிறோம், வெள்ளைக்காரன் வாளிக்குச் சொந்தக்காரன் மேல் போடுகிறான். இன்னொரு வகைக் கொக்கி இருக்கிறது. பேசுகிற வேகத்தில் ஓர் எழுத்து விழுந்துவிட்டால் அந்த இடத்தில் அதை வைப்பார்கள். பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு வெற்றிலை வாங்கப் போகிறோமே, அதேதான். மற்றபடி, ஒரு பொருள் பல பொருளானதற்கெல்லாம் கொக்கி கிடையாது. பத்து முட்டைக்கும் காக்கா வேண்டாம், நூறு முட்டைக்கும் வேண்டாம். இது புரிந்த அன்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேரே கோப்பிக் கடைக்குப் போய்ப் பலகையில் கொக்கிகளை அழிக்கட்டுமா என்று கேட்டேன். தவுக்கே கூடாது என்றுவிட்டார். அதுதான் அழகாக இருக்கிறதாம்.

ஒரு சொல் மட்டும் கடைசி வரை என்னைப் படுத்தியது. இட்ஸ். சொந்தம் கொண்டாடும், ஆனால் கொக்கி வைத்துக்கொள்ளாது. ஏன் என்று பெரிய கிராணியிடம் கேட்டேன்.

"அது அவுங்க குடும்ப விசயம். நமக்கு எதுக்கு?" என்றார்.

வட்டங்கள் ஏழாயின, மூன்றாயின, ஒன்றாயின. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. துரை கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். அடுத்த வாரம் உன் கடிதத்தை அடிக்கலாம் என்றார். அவர் ஆறு மாத லீவில் ஊருக்குப் போக இருந்தார். அதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. அவர் இடத்துக்கு வரப்போகிற தற்காலிகத் துரையைப் பற்றி, அவர் போன தோட்டத்திலெல்லாம் சின்னக் கிராணியின் நாற்காலியை எடுத்து விறகுக்குப் போடச் சொல்லுவார் என்று பேச்சு.

இந்த நிலைமையில்தான் சரஸ்வதி பூசை வந்தது.

தோட்டத்தில் பூசை என்றால் கோயிலில் பால் வெட்டும் கத்திகளையும் வாளிகளையும் கழுவி வரிசையாக வைப்பார்கள். ஆப்பீஸ் பூசை தனி, அது பெரிய கிராணியின் ராஜ்யம். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, பேரேடுகள், பேனாக்கள், மைக்கூடுகள், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றையும் அடுக்கி, நடுவில் டைப் மிஷினை வைப்பார். பூசை முடிந்தால் மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் ஓர் எழுத்து எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. பேனாவைத் தொட்டால்கூட முறைப்பார்.

டைப் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். எட்டாம் நம்பர்க் கட்டை வந்ததும் கை நின்றது. எங்கள் மிஷினில் அதை ஷிப்டோடு சேர்த்து அடித்தால்தான் கொக்கி விழும். இத்தனை எழுத்தும் எனக்கு வருகிறது, இது ஒன்றுதானே என் வாழ்க்கையை வைத்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன். பெரிய கிராணி சுண்டல் பார்க்க உள்ளே போன சமயம், மிஷினின் மூடியைத் திறந்தேன். அந்தக் கட்டையோடு சேர்ந்த கம்பியைத் தேடிப் பிடித்து, எழுத்து செதுக்கியிருக்கும் அதன் தலையிலேயே பன்னீர் விட்டு அரைத்த சந்தனத்தைக் கட்டியாக அப்பினேன். "தாயே, இது மட்டும் எனக்கு வந்துடணும்," என்று கும்பிட்டு மூடினேன். அடுத்த வாரம் அடிப்பதற்குள் துடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

தீபாராதனை முடிந்து சுண்டலில் கை வைத்திருப்போம், வாசலில் கார் சத்தம். துரை நேரே உள்ளே வந்தார்.

"கிராணி, எனக்குச் சீக்கிரம் கப்பல் கெடைச்சது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் போறது. உன் கடுதாசி இப்போ அடி," என்றார்.

பெரிய கிராணி எழுந்து மேசைக்கு முன்னால் நின்றுகொண்டார். "இன்னிக்கு முடியாதுங்க தொரைங்களே. சரஸ்வதி உக்காந்திருக்கா. நாளைக்குக் காலையில எடுத்துத் தர்றேன்."

"நாளைக்குக் காலையில நான் இல்லே."

"அப்ப ஆறு மாசம் கழிச்சு அடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பெரிய கிராணி திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழவில்லை. ஆனால் வாயில் போட்ட சுண்டலை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். எட்டு வருடம் எவ்வளவு திட்டு வாங்கியும் ஒரு கொக்கிக்குக்கூட அசையாத மனிதர், அந்த முகத்தைப் பார்த்து அசைந்துவிட்டார்.

"வடக்க நகத்திட்டா பூசை முடிஞ்சதா கணக்கு," என்றார் மெதுவாக. "நாளைக்குச் செய்ய வேண்டியது. இன்னிக்கே செஞ்சுடறேன். பாவம் எனக்கு வரட்டும்."

மறுபடி சூடம் கொளுத்தினார். "தாயே, கோவிச்சுக்காத. பய பொண்ணு கெடைக்காம நிக்கிறான்," என்று வாய்விட்டே சொன்னார். பிறகு டைப் மிஷினை வடக்கே நகர்த்தப் போனவர் எது வடக்கு என்று நின்றுவிட்டார். கடல் பக்கம்தான் வடக்கு என்றார் அவர். ஜாசின் பக்கம்தான் வடக்கு என்றேன் நான். சூடம் அணையும் வரை இரண்டு பேரும் சண்டை போட்டோம். துரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைத்தடியால் ஜாசின் பக்கத்தைக் காட்டி, "அது வடக்கு! சீக்கிரம்!" என்று கத்தினார். டைப் மிஷின் ஒரு விரற்கடை ஜாசின் பக்கம் நகர்ந்தது. அதோடு விடவில்லை பெரிய கிராணி, சாமி இருக்கிற அறையில் பூட்ஸ் கூடாது என்றார். துரை என்ன நினைத்தாரோ, கழற்றிவிட்டார். காலுறை ஓட்டை வழியாக அவருடைய கட்டைவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். சின்னக் கடிதம்தான், ஆனால் வேண்டுமென்றே மூன்று இடத்தில் கொக்கி வருகிற மாதிரி வாக்கியத்தை வளைத்திருந்தார். அந்த இட்ஸையும் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்தார். விரலெல்லாம் குங்குமமாகி வேர்த்துக் கொட்டியது. சந்தனத்தை நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன். முதல் கொக்கி வந்தது. சரியான இடத்தில் ஷிப்டை அழுத்தி எட்டைத் தட்டினேன்.

சப் என்று ஒரு சத்தம். கம்பியின் தலையிலிருந்த சந்தனம் நாடாவின் விளிம்பைத் தாண்டித் தெறித்து, கொக்கி விழுந்த இடத்தின்மேலேயே மஞ்சளாக ஒரு பொட்டாக உட்கார்ந்தது. கம்பி ஒட்டிக்கொண்டு திரும்பவில்லை, விரலால் பிடித்து இழுத்துவிட்டேன். துரை அசையவில்லை. அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். இட்ஸ் வந்தது, கொக்கி இல்லாமல் கடந்தேன். இரண்டாவது கொக்கி, சப். மூன்றாவது, சப். ஒரே தாள். கல்யாணம் போயிற்று என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

துரை தாளை உருவி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்னா?"

"சந்தனங்க, சார்."

"எல்லா எழுத்துக்கும் இல்லே. கொக்கிக்கு மட்டும் இருக்கு."

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "அது ஒண்ணுதாங்க சார் எனக்கு வராம இருந்துச்சு. அதான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டு அதுக்கு மட்டும் நெறைய வச்சேன்."

துரை நாற்காலியில் உட்கார்ந்தார். "எட்டு வருசம் நான் கத்துறது," என்றார். "ஒரு ஆளு கொக்கிய மதிக்கிறது இல்லே. நீ கொக்கிக்குப் பூசை போடுறது." அது புகாரா, பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்தேன், வாடவில்லை. கட்டைவிரல் நகத்தால் முதல் பொட்டைச் சுரண்டினார். அடியில் கொக்கி, கறுப்பாக, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. "சரி," என்றார். இரண்டாவதைச் சுரண்டினார். "சரி." மூன்றாவதைச் சுரண்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆப்பீஸ் பேனாக்கள் எல்லாம் பூசையில் இருந்தன. பெரிய கிராணி அவர் கையில் ஒரு பொட்டலம் சுண்டலைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு அலோர் காஜாவுக்குக் கிளம்பினேன். மலாக்கா டவுனில் பஸ் மாற வேண்டும். கையெழுத்து கிடைத்த சந்தோஷம் டவுன் வரைதான் தாங்கியது. பிறகு அந்த மஞ்சள் கறை உறுத்த ஆரம்பித்தது. அவள் அப்பா கண்டிப்பான மனிதர், இப்படி அழுக்குக் காகிதத்தையா கொண்டுவருவாய் என்று கேட்டால்? கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன். சந்தனம் போகவில்லை, துரை சுரண்டி வெளியே எடுத்த கொக்கிகள் மேல் மறுபடி படர்ந்து, ஒவ்வொரு பொட்டும் கால் பங்கு பெரிதாகிவிட்டது. மூலையில் என் குங்குமக் கைரேகை வேறு. பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

ஜவுளிக் கடையில் அவர் கை கழுவி வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு கடிதத்தை வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தாளை மேலிருந்து கீழே பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். எனக்குத் தம்பின் ரயிலின் ஊதல் சத்தமே கேட்டுவிட்டது.

பிறகு அவர் இரண்டு கையாலும் தாளைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சந்தனம் வச்சுக் குங்குமம் தொட்டு அனுப்பியிருக்காரே!" என்றார். "நல்ல சேதி எழுதுற கடுதாசிக்கு மஞ்ச தடவணும்னு நம்மாளுங்களே இப்பல்லாம் மறந்துடறாங்க. வெள்ளக்காரத் தொரை, அவருக்கு மொற தெரிஞ்சிருக்கு பாருங்க! மனசார ஆசீர்வாதம் பண்ணியிருக்காரு."

நான் வாயைத் திறந்தேன். அது துரை வைத்ததில்லை, நான் வைத்தது என்று சொல்லத்தான் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவள் நின்றபடியே படித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். மூன்று இடத்தில் நிறுத்தினாள். நிறுத்தின ஒவ்வொரு தடவையும் தாளுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடிதத்தை அவர் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, எனக்குக் கோப்பி கொண்டுவர உள்ளே போனார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தை மாதம் கல்யாணம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கல்யாணம் முடிந்து அலோர் காஜாவிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சந்தனம், எட்டாம் நம்பர்க் கட்டை, வடக்கு, துரையின் காலுறை, எல்லாவற்றையும். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும். அப்பா கோப்பி எடுக்க உள்ள போனாருல்ல? மாடத்துலேருந்து எடுத்து மூணையும் நகத்தால சொரண்டிப் பாத்துட்டேன். நீங்கதான் தலையவே தூக்கலியே."

"பாத்து?"

"சரியா இருந்துச்சு. தப்பா இருந்திருந்தா தம்பின் மாப்ளைக்கே சரின்னு சொல்லியிருப்பேன்."

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துரையை நினைத்துப் பத்து மாதம் பயந்தவன், யாருக்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாமல்தான் பயந்திருக்கிறேன். லீவிலிருந்து திரும்பி வந்த துரை, முதல் நாளே என் கடிதத்தில் இரண்டு வட்டம் போட்டார். கல்யாணம் ஆன புதிதில் கவனம் சிதறத்தானே செய்யும்?

அடுத்த சரஸ்வதி பூசைக்கு அலோர் காஜாவுக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார் மாமனார். போய்ப் பார்த்தால், என் கடிதம் மரச் சட்டம் போட்டுச் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கண்ணாடி போடவில்லை. வருடா வருடம் பழைய பொட்டுமேல் புதுச் சந்தனம் வைக்க வேண்டும் என்பதால் போடவில்லையாம். வந்தவர்களிடமெல்லாம், துரை தன் கையால் தொட்டு வைத்த சந்தனம் என்று காட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாதம் பாயில் உட்கார்ந்து முட்டி மோதிக் கற்றுக்கொண்டவன் நான். எழுதியவன் நான், சந்தனம் வைத்தவனும் நான். பெயர் துரைக்கு.

"மாப்ள, இந்த வருசம் நீங்க வைங்க," என்று மாமனார் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

வேறு வழி? விரலால் வழித்து எடுத்துக்கொண்டு முதல் கொக்கியிடம் கையைக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து என் காதுக்கு மட்டும் கேட்கும்படி அவள் குரல் வந்தது.

"இந்தத் தடவ கொஞ்சமா வைங்க."